“நான் இருக்கேன்!” – பெண்கள் கூடைப்பந்தில் ஹெல்ப் டிஃபென்ஸ்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். எதிரணிப் பொண்ணு ஒருத்தி பந்தோட உங்க தோழியைத் தாண்டி உள்ளே போறா. நேரா ரிங்குக்குப் போய் லே-அப் போட்டுடுறா. தப்பு யார் மேல?

“இதுல என்ன சந்தேகம், தாண்ட விட்டவ மேலதான்” என்று சொன்னீங்கன்னா, நீங்களும் நான் ஒன்பதாவது படிக்கும்போது இருந்த மாதிரிதான் இருக்கீங்க. எங்க ஸ்கூல் டீம்ல அப்போ எல்லாருடைய பதிலும் அதுதான். ஒரு மண்டலப் போட்டியில் எங்க பாயிண்ட் கார்டை எதிரணிப் பொண்ணு திரும்பத் திரும்பத் தாண்டிப் போனா. இடைவேளையில் நாங்க நாலு பேரும் அவளைச் சூழ்ந்துகிட்டு, “உன் மேனைப் பிடிக்கத் தெரியாதா உனக்கு?” என்று கத்தினோம். (ஆமாம், பொண்ணுங்க ஆட்டத்திலும் அது ‘மேன்’தான்!) போட்டியில் தோத்தோம். அடுத்த வாரம் அவ ப்ராக்டிஸுக்கு வரலை. அதுக்கப்புறம் வரவே இல்லை.

திங்கட்கிழமை எங்க பி.டி. மிஸ் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் அஞ்சு வட்டம் போட்டாங்க. “அவளைத் தாண்டிட்டுப் போனா, சரி. மீதி நாலு பேர் அந்த நேரத்துல எங்க நின்னீங்க? வந்து நில்லுங்க” என்றார்கள். போய் நின்றோம். நாலு பேரும் அவங்கவங்க ஆளை ஒட்டிக்கிட்டு, ரிங்கை விட்டு ரொம்பத் தள்ளி நின்றிருந்தோம். நடுவில் ஒரு லாரியே போகலாம், அவ்வளவு காலி இடம். யாருக்கும் வாயில் பதில் வரலை.

அந்தக் காலி இடத்தை மூடுவதற்குப் பெயர்தான் ஹெல்ப் டிஃபென்ஸ்.

தாண்டுவது சகஜம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளணும். பந்து வெச்சிருக்கிறவளுக்கு எந்தப் பக்கம் போகப் போறோம்னு முன்னாடியே தெரியும். தடுக்கிறவளுக்கு அது நடந்த பிறகுதான் தெரியும். அதனால் எவ்வளவு நல்ல டிஃபென்டரா இருந்தாலும் சில தடவை தாண்டப்படுவா. நம்ம பாஷையில் சொன்னா, ஒரு பாகம் ஃபெயில் ஆகும் என்று தெரிந்தேதான் சிஸ்டத்தை டிசைன் பண்ணணும். ஒரே ஒரு போல்ட்டை நம்பி யாராவது பாலம் கட்டுவாங்களா?

பள்ளி அளவிலான பெண்கள் ஆட்டத்தில் இது இன்னும் முக்கியம். மூணு பாயிண்ட் கோடு ரிங்கிலிருந்து 6.75 மீட்டர். அங்கிருந்து ஆட்டம் முழுக்க நிலையாகப் போடுகிறவர்கள் ஒரு டீமில் ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க. பாயிண்ட்ஸ் பெரும்பாலும் ரிங்குக்குப் பக்கத்திலிருந்துதான் வரும். ஆக, முதலில் பூட்ட வேண்டிய கதவு ரிங். தூரத்து ஷாட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

விதியும் நமக்குச் சாதகம். என்.பி.ஏ., டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டங்களில் தன் ஆள் பக்கத்தில் இல்லாத டிஃபென்டர் பெயிண்டுக்குள் மூணு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நாம் ஆடும் ஃபிபா விதியில் அந்த மூணு விநாடிக் கட்டுப்பாடு அஃபென்ஸுக்கு மட்டும்தான். டிஃபென்டர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே நிற்கலாம்.

யார் எங்கே நிற்கணும்?

எளிமைக்காக சென்டர்களை விட்டுட்டு நாலு பேருக்கு நாலு பேர் என்று வெச்சுக்கோங்க. அஃபென்ஸில் 1 மேலே வலப்புறம், 2 மேலே இடப்புறம், 3 வலது விங், 4 இடது விங். பந்து இப்போ 3 கையில். அவங்களைத் தடுக்கிறவங்களுக்கும் அதே எண்கள்தான்.

தடுக்கும் 3: பந்துக்கு முன்னால், ஒரு கை தூரத்தில். நடுப்பக்கத்தை அடைச்சு, பேஸ்லைன் பக்கமா மட்டும் வழி விடணும். ரெண்டு பக்கமும் திறந்திருந்தா உதவிக்கு வர்றவளுக்கு எங்கே ஓடுவதென்று தெரியாது. பேஸ்லைன் பக்கம் தள்ளிட்டா கோடே ஒரு டிஃபென்டர் ஆயிடும்.

தடுக்கும் 1: இவளுடைய ஆள் பந்திலிருந்து ஒரு பாஸ் தூரம். அந்த பாஸ் போகும் வழியில் ஒரு கையை நீட்டி நிற்கணும்.

தடுக்கும் 2: ரெண்டு பாஸ் தூரம். தன் ஆளை விட்டு இறங்கி, பெயிண்டின் மேல் பகுதியில் ஒரு கால்.

தடுக்கும் 4: பந்திலிருந்து ரொம்ப தூரம். அதனால் ரிங்குக்கு ரொம்பப் பக்கம். இந்த ரிங்கிலிருந்து அந்த ரிங்குக்கு மைதானத்தை ரெண்டாகப் பிரிச்சு ஒரு கற்பனைக் கோடு போடுங்க. அந்தக் கோட்டின் மேல்தான் இவளுடைய இடம்.

சூத்திரம் இவ்வளவுதான்: உங்க ஆள் பந்தை விட்டு எவ்வளவு தள்ளி இருக்காளோ, நீங்க அவளை விட்டு அவ்வளவு தள்ளி வரலாம். ஆனா ரெண்டும் கண்ணில் படணும். ஒரு கை பந்தைக் காட்டட்டும், இன்னொரு கை உங்க ஆளைக் காட்டட்டும். ரெண்டையும் காட்ட முடியலைன்னா நீங்க நிற்கும் இடம் தப்பு.

தாண்டினதும் என்ன நடக்கணும்?

3 பேஸ்லைன் வழியாத் தாண்டிட்டா. இப்போ நாலு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கணும்.

ஒன்று: தடுக்கும் 4 குறுக்கே ஓடி வந்து, ரிங்குக்கு முன்னாடியே, முடிந்தால் பெயிண்ட் கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்தணும். ரிங்குக்குக் கீழே காத்திருந்தா லேட். அங்கே இருக்கும் 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள் நின்று மோதலை வாங்கினா பொதுவா சார்ஜிங்கும் கிடைக்காது.

இரண்டு: 4 வந்துட்டா அவளுடைய ஆள் காலி. அங்கே இறங்க வேண்டியது தடுக்கும் 2. உதவிக்குப் போனவளுக்கே உதவி! பள்ளி டீம்கள் பலதும் கோட்டை விடுவது இங்கேதான். முதல் உதவி வரும், இரண்டாவது வராது. பந்து ஒரு பாஸில் அந்தப் பக்கம் போய் சுலபமா ரெண்டு பாயிண்ட்.

மூன்று: தடுக்கும் 1 கொஞ்சம் கீழே சரிந்து, 1, 2 ரெண்டு பேருக்கும் நடுவில் நிற்கணும். ஒரு நொடிக்கு ஒருத்தியே ரெண்டு பேரைப் பார்த்துக்கணும்.

நான்கு: தாண்டப்பட்டவ தலையில் கை வெச்சு நிற்கக் கூடாது. பெயிண்டை நோக்கி ஓடி, யார் காலியோ அவளைப் பிடிக்கணும். அவளுடைய ஆட்டம் அங்கே முடியலை.

ஒரு சின்னக் கணக்கு

“அவ்வளவு தள்ளி வந்துட்டா, குறுக்கே பாஸ் போட்டு ஷூட் பண்ணிடுவாளே?” நல்ல கேள்வி. தோராயமாப் பார்ப்போம். வலது விங்கிலிருந்து இடது விங்குக்குச் சுமார் 10 மீட்டர். பந்து விநாடிக்கு 10 மீட்டர் போகுதுன்னு வெச்சா, போய்ச் சேர 1 விநாடி. பிடிச்சு, கால் சரி பண்ணி, ஷூட் பண்ண இன்னொரு 0.75 விநாடி. நடுக்கோட்டில் நிற்கும் தடுக்கும் 4, கை எட்டும் தூரத்துக்குப் போக 4.5 மீட்டர் ஓடணும்.

பந்து கையை விட்டதும் கிளம்பினா 1.75 விநாடி இருக்கு. விநாடிக்கு 2.6 மீட்டர் போதும். நிதானமா ஓடினாலே முடியும். பந்தை அவ பிடிச்ச பிறகு கிளம்பினா 0.75 விநாடிதான். நின்ற இடத்திலிருந்து சராசரி விநாடிக்கு 6 மீட்டர் வேணும். நம்ம யாராலும் ஆகாது. பள்ளி ஆட்டத்தில் இந்தக் குறுக்கு பாஸ் பெரும்பாலும் உயரத் தூக்கிப் போடுவதா இருக்கும். அப்போ இன்னும் நேரம் கிடைக்கும்.

வேகமா ஓடுறவளை விட சீக்கிரம் கிளம்புறவதான் இங்கே ஜெயிக்கிறா. “பந்து காத்துல இருக்கும்போதே நீ நகர்ந்திருக்கணும்” என்று மிஸ் நூறு தடவை சொன்னதுக்கு அர்த்தம் எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் புரிந்தது.

சத்தம் போடுங்க

முதுகுப் பக்கம் என்ன நடக்குதுன்னு பந்தைத் தடுக்கிறவளுக்குத் தெரியாது. அவளுக்குக் கண் நீங்கதான். “பால்!”, “ஹெல்ப் இருக்கு!”, “கட் போறா!” என்று பேசிக்கிட்டே இருக்கணும்.

எங்களுக்கு ஓட்டத்தை விட இது கஷ்டமா இருந்தது. வீட்டில், வகுப்பில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் “பொண்ணா அடக்கமா பேசு” என்றே கேட்டு வளர்ந்தவங்க. கிரவுண்டில் வாயைத் திறந்தா காத்துதான் வந்தது. மிஸ் ஒரு வாரம் பந்தையே கொடுக்கலை. மைதானத்தின் இந்த மூலையில் ஒருத்தி, அந்த மூலையில் ஒருத்தி. “நான் இருக்கேன்!” என்று கத்தணும். எதிர் மூலைக்குக் கேட்கும் வரை விடமாட்டாங்க. முதல் நாள் சிரிப்பு, மூணாவது நாள் கூச்சம் போச்சு. அஞ்சாவது நாள் பக்கத்து ஹாக்கி கிரவுண்டில் இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க.

இதுக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கு. 1892இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்குக் கூடைப்பந்தைக் கற்றுக்கொடுத்தபோது மைதானத்தை மூணு பகுதியாகப் பிரித்தார். தன் பகுதியை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. பெண்கள் அதிகம் ஓடினால் ஆகாது என்று நம்பிய காலம் அது. அயோவா மாநிலப் பள்ளிகளில் மூணு பேர் அஃபென்ஸ் மட்டும், மூணு பேர் டிஃபென்ஸ் மட்டும், யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது என்ற ஆறு பேர் ஆட்டம் 1993 வரை நடந்தது. தோழிக்கு ஆபத்து என்றால் கோட்டைத் தாண்டி ஓடுவது பெண்களுக்கு ரொம்ப காலம் ஃபவுலாகவே இருந்திருக்கு. இன்னிக்கு நமக்கு அந்தக் கோடு இல்லை. அப்புறம் ஏன் நின்ன இடத்திலேயே நிற்கணும்?

எப்படிப் பழகுவது?

ஷெல் ட்ரில் என்று ஒன்று இருக்கு. மேலே சொன்ன அதே நாலுக்கு நாலு. முதல் கட்டம்: அஃபென்ஸ் பாஸ் மட்டும் போடட்டும், ட்ரிபிள் கிடையாது. ஒவ்வொரு பாஸுக்கும் நாலு டிஃபென்டரும் இடம் மாறணும். இரண்டாவது கட்டம்: விங்கிலிருந்து ஒரு ட்ரைவ், அந்த நாலு வேலையும் நடக்கணும். மூன்றாவது கட்டம்: நிஜ ஆட்டம். ரீபவுண்டை எடுத்தா மட்டும்தான் டிஃபென்ஸ் முடிந்தது என்று கணக்கு. தினமும் பத்து நிமிஷம் போதும்.

அடிக்கடி வரும் தப்புகள் மூணு. பந்தையே வேடிக்கை பார்த்து, முதுகுக்குப் பின்னால் கட் போகிற ஆளை விடுவது. உதவிக்குப் போய்க் காலை நகர்த்தாம கையால் தட்டி ஃபவுல் வாங்குவது (அஞ்சாவது ஃபவுலில் வெளியே உட்காரணும்). ஷாட் மிஸ் ஆனதும் பாக்ஸ் அவுட்டை மறப்பது. உதவிக்கு வந்தவளுடைய ஆள்தான் பெரும்பாலும் அந்த ரீபவுண்டை எடுப்பா.

அடுத்த தடவை நம்ம காலேஜ் கோர்ட்டில் பொண்ணுங்க மேட்ச் நடந்தா, கொஞ்ச நேரம் பந்தைப் பார்க்காதீங்க. பந்துக்கு ரொம்ப தூரத்தில் நிற்கிறாளே, அவளைப் பாருங்க. அவ பெயிண்டில் ஒரு கால் வெச்சு, ரெண்டு பக்கமும் கை காட்டி, வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்தா அது நல்ல டீம்.

எங்க பாயிண்ட் கார்டை ப்ளஸ் டூ முடிக்கும்போது ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். மன்னிப்பு கேட்டேன். சிரிச்சுட்டு, “விடு, அன்னிக்கு நான் ஒருத்தி மட்டும் ஆடுற மாதிரி இருந்துச்சு” என்றாள். அஞ்சு பேர் ஆடுற ஆட்டத்தில் யாருக்கும் அப்படித் தோணக் கூடாது.