ஒரு வாரம் ஆன்ஃபீல்டு, மறுவாரம் குடிசன்: லிவர்பூல் ஊர் மறந்துபோன ஒரு பழக்கம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

இன்னிக்கு எபிசோடு ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்குது.

நான் லிவர்பூல் ரசிகன். பள்ளிக்கூடத்துல படிக்கிறப்போ சுவாரெஸ் ஆட்டத்தைப் பார்த்து விழுந்தவன், இன்னும் எழுந்திரிக்கல. அப்படிப்பட்ட நான், 2023 மே 28-ம் தேதி, லிவர்பூல் விளையாடிக்கிட்டு இருந்த அதே நேரத்துல, எவர்ட்டன் மைதானத்துல எவர்ட்டன் ரசிகர்களுக்கு நடுவுல உட்கார்ந்திருந்தேன். போட்டோ போட்ட அஞ்சு நிமிஷத்துல எங்க சென்னை ஸ்கிரீனிங் வாட்ஸப் குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க. பாதி விளையாட்டுதான். மீதி பாதி விளையாட்டு இல்ல.

அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அந்த சீசன்ல எவர்ட்டன் ரெலிகேஷன் ஆகப்போகுதுன்னு வாராவாரம் மீம் போட்டவனே நான்தான். பரம எதிரியோட மைதானத்துக்குப் போறதெல்லாம் துரோகம், காலங்காலமா அப்படித்தான்னு நம்பிக்கிட்டு இருந்தேன். அந்தக் 'காலங்காலமா' எவ்வளவு சின்னக் காலம்னு எனக்குக் காட்டினவர் ஒரு எவர்ட்டன்காரர்.

ஒரு பூங்கா, ரெண்டு மைதானம்

அப்ப நான் ஆன்சைட்ல லிவர்பூல்ல இருந்தேன். எங்க டீம்ல ஒரு டெஸ்டர், அறுபதைத் தாண்டினவர், பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்த ஊர்தான். பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டார். பரம்பரை எவர்ட்டன் குடும்பம். ஒருநாள் மதியச் சாப்பாட்டுல ரொம்ப சாதாரணமா சொன்னார்: "சின்ன வயசுல நானும் அப்பாவும் ஒரு வாரம் குடிசன் பார்க், மறுவாரம் ஆன்ஃபீல்டு போவோம்." எனக்குப் புரை ஏறிடுச்சு.

கொஞ்சம் வரலாறு பார்த்துடுவோம். இன்னிக்கு லிவர்பூல் கோட்டையா இருக்கிற ஆன்ஃபீல்டு, முதல்ல எவர்ட்டனோட மைதானம். 1884-லிருந்து அங்கதான் ஆடினாங்க. 1891-ல லீக் பட்டம் ஜெயிச்சதும் அங்க இருந்தபடிதான். மைதானத்தைக் கையில வச்சிருந்த ஜான் ஹவுல்டிங்குக்கும் கிளப் உறுப்பினர்களுக்கும் வாடகை விஷயத்துல தகராறு முத்தி, 1892-ல எவர்ட்டன் வெளியேறி, ஸ்டான்லி பார்க்குன்னு ஒரு பூங்காவுக்கு அந்தப்பக்கம் குடிசன் பார்க்கைக் கட்டிக்கிட்டாங்க. காலி மைதானத்தை வச்சு என்ன பண்றதுன்னு ஹவுல்டிங் ஆரம்பிச்ச புது டீம்தான் லிவர்பூல். ஆக, வாடகைத் தகராறுல ரெண்டா பிரிஞ்ச ஒரே குடும்பம். மைதானத்துல இருந்து மைதானத்துக்கு ஒரு மைல் கூட இல்ல, பூங்காவைக் குறுக்கால கடந்தா போதும்.

அந்தப் பழக்கம் எப்படி நடந்துச்சு?

எவர்ட்டன்காரர் ஏன் லிவர்பூல் ஆட்டத்துக்குப் போகணும்? சிஸ்டம் டிசைன் மாதிரி யோசிச்சா, நாலு விஷயம் சேர்ந்திருக்கு.

முதல் விஷயம், அட்டவணை. ஒரே ஊர்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு டீமுக்கும் ஒரே நாள்ல உள்ளூர் ஆட்டம் வராத மாதிரிதான் போடுவாங்க. இன்னிக்கும் அப்படித்தான். அதனால உங்க டீம் வெளியூர் போற சனிக்கிழமை, பக்கத்து டீம் ஊர்ல ஆடும்.

ரெண்டாவது, வெளியூர் போறது சுலபம் இல்ல. மத்தியானம் வரைக்கும் சனிக்கிழமை வேலை பார்த்துட்டு மூணு மணி ஆட்டத்துக்கு லண்டன் போக முடியாது. காசும் கிடையாது.

மூணாவது, டிவியில ஆட்டம் வராது. பிபிசியோட ஹைலைட்ஸ் நிகழ்ச்சி 'மேட்ச் ஆஃப் தி டே' ஆரம்பிச்சதே 1964-லதான். லீக் ஆட்டங்களை வழக்கமா நேரடியா காட்ட ஆரம்பிச்சது 1983-ல. நல்ல கால்பந்து பார்க்கணும்னா நேர்ல போய்த்தான் ஆகணும்.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: வாசல்ல காசு கொடுத்தா உள்ள விடுவாங்க. ரெண்டு மணிக்கு மனசு வந்தா, ரெண்டரைக்கு கேலரியில நிக்கலாம். பேரு, மெம்பர்ஷிப், லாகின் எதுவும் கேட்க மாட்டாங்க. சின்னப் பசங்களை அப்பாக்கள் அப்படியே அந்தச் சுழல் கதவுக்கு மேல தூக்கி உள்ள இறக்கிடுவாங்க. பசங்களுக்குக் காசே இல்ல. நம்ம டெஸ்டரும் அப்படித் தூக்கி விடப்பட்டவர்தான்.

"அங்க போய் யாருக்குக் கை தட்டுவீங்க?"ன்னு கேட்டேன்.

"அப்பா எப்பவும் வெளியூர் டீமுக்குத்தான் தட்டுவார். ஆனா சத்தம் வராம."

இந்தப் பதில் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. அந்தக் காலத்து ரசிகர்கள் எல்லாரும் ஞானிகள்னு நினைச்சுக்க வேணாம். லிவர்பூல் தோக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் லிவர்பூல் ஆட்டத்துக்குப் போனாங்க. ஆனா காசு கொடுத்துப் போய், பக்கத்துல நிக்கிற லிவர்பூல்காரர் பிளாஸ்க்ல இருந்து டீ வாங்கிக் குடிச்சுக்கிட்டே ஆசைப்பட்டாங்க. அவர் யாரோ இல்ல, பல சமயம் சொந்த மாமாவாத்தான் இருப்பார். நம்ம டெஸ்டர் வீட்லயும் அப்படித்தான். அப்பா எவர்ட்டன், அம்மாவோட தம்பி லிவர்பூல்.

எல்லாரும் இப்படிப் போனாங்கன்னும் சொல்ல மாட்டேன். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. கிளாஸ்கோவுல செல்டிக், ரேஞ்சர்ஸ் நடுவுல கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட்னு மதக்கோடு ஓடுச்சு. லிவர்பூல்ல கிளப் பாசம் அப்படித் தெருவாரியாப் பிரியல. ஒரே வீட்டுக்குள்ள, ஒரே சாப்பாட்டு மேசையிலதான் பிரிஞ்சுச்சு.

நம்ப முடியாத மூணு காட்சி

1967 மார்ச் 11. எஃப்ஏ கோப்பை, குடிசன்ல எவர்ட்டனும் லிவர்பூலும். மைதானத்துல 64,851 பேர். இடம் பத்தல. என்ன பண்ணாங்க தெரியுமா? ஆன்ஃபீல்டுல பெரிய பெரிய திரை கட்டி நேரடியாக் காட்டினாங்க. அங்க 40,149 பேர். ஒரே ஆட்டத்தை ரெண்டு எதிரி மைதானங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேல பேர் பார்த்திருக்காங்க. ஆலன் பால் அடிச்ச ஒரே கோல்ல எவர்ட்டன் ஜெயிச்சுது. டெஸ்டரோட அப்பாவுக்கு குடிசன் டிக்கெட் கிடைக்கல, ஆன்ஃபீல்டுலதான் பார்த்தாராம். "எங்கப்பா ஆன்ஃபீல்டுல சத்தமாக் கத்தின ஒரே நாள் அதுதான்."

1984 மார்ச். லீக் கோப்பை இறுதிப் போட்டி, லண்டன் வெம்ப்ளி மைதானம், ரெண்டு டீமும் மோதுது. சிவப்பும் நீலமும் ஒரே கார்ல வந்து, ஒரே வரிசையில நின்னு, ரெண்டு தரப்பும் சேர்ந்து அந்த வட்டாரத்தோட பேரான 'மெர்சிசைடு'ங்கிறதையே கோஷமாப் போட்டாங்க.

1989 ஏப்ரல் 15. ஹில்ஸ்பரோ நெரிசல். லிவர்பூல் ஆட்டத்தைப் பார்க்கப் போன 97 பேரோட உயிர் போச்சு. அடுத்த வாரம், ரெண்டு கிளப்போட ஸ்கார்ஃபையும் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு, குடிசன்ல இருந்து ஸ்டான்லி பார்க் வழியா ஆன்ஃபீல்டு வரைக்கும் இழுத்துக் கட்டினாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை நடந்த அதே பாதை. இதைச் சொல்றப்போ டெஸ்டர் அதுக்கு மேல பேசல. நானும் கேட்கல.

அப்புறம் எங்க போச்சு இது?

ஒரே காரணம்னு சொல்ல முடியாது. 1985-ல பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்துல லிவர்பூல் ரசிகர்கள் சிலர் மோதலுக்குப் பாய்ஞ்சதுல சுவர் சரிஞ்சு 39 பேர் இறந்தாங்க. இங்கிலாந்து கிளப்புகளை ஐரோப்பியப் போட்டிகள்ல இருந்து தடை பண்ணிட்டாங்க. அந்த வருஷ லீக் சாம்பியன் எவர்ட்டன். அவங்க வரலாற்றிலேயே சிறந்த டீம்கள்ல ஒண்ணு, ஐரோப்பியக் கோப்பையில ஆடவே முடியல. அந்தக் கசப்பு இன்னிக்கும் இருக்கு.

ஆனா பழக்கத்தை நிறுத்தினது கோபம் மட்டும் இல்லங்கிறது என் கணிப்பு. வாசல் கதவும் மாறிடுச்சு.

ஹில்ஸ்பரோவுக்கு அப்புறம் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்கள்ல நின்னுக்கிட்டுப் பார்க்கிற இடங்களை எடுத்துட்டு எல்லாருக்கும் இருக்கை போடச் சொல்லுச்சு. உயிரைக் காப்பாத்த வந்த மாற்றம், அதுல மறுபேச்சே கிடையாது. ஆனா இருக்கை வந்தா இடம் குறையும். 1948-ல ஒரு டெர்பிக்கு 78,299 பேரை அடைச்ச குடிசன், கடைசி வருஷங்கள்ல 40,000-க்கும் கீழதான். கூடவே 1992-ல பிரீமியர் லீக் வந்துச்சு, டிவி பணம் வந்துச்சு, டிக்கெட் விலை ஏறுச்சு. இருக்கிற சீட்ல பெரும்பகுதி சீசன் டிக்கெட்காரங்களுக்குப் போயிடுது. மீதிக்கு மெம்பர்ஷிப் வேணும். பெரிய ஆட்டங்களுக்கு, இதுக்கு முன்னாடி எத்தனை ஆட்டம் வாங்கியிருக்கீங்கன்னு கணக்கும் பார்க்கிறாங்க.

நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன், அந்தக் கோணத்துலயே சொல்றேன். பழைய வாசலுக்கு ஞாபகசக்தி கிடையாது. காசு போட்டா திறக்கும், நீங்க சிவப்பா நீலமான்னு அதுக்குத் தெரியாது. புது வாசலுக்கு உங்க ஜாதகமே தெரியும். யூசர் ஐடி, வாங்கின வரலாறு, விசுவாசப் புள்ளி. யாரும் உக்காந்து 'பகையை வளர்ப்போம்'னு திட்டம் போடல. ஆனா தன் டீம் ஆட்டத்துக்கே டிக்கெட் கிடைக்காதவன், எதிர் டீமுக்கு மெம்பர் ஆகியா போவான்? ஒரு தலைமுறை போகாம இருந்துச்சு. அடுத்த தலைமுறை, போகவே கூடாதுன்னு நினைச்சுக்குச்சு. அவங்ககிட்ட இருந்துதான் நான் சென்னையில உக்காந்து கத்துக்கிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இப்ப மே 28. சீசனோட கடைசி நாள். போர்ன்மவுத்தை ஜெயிச்சா எவர்ட்டன் தப்பிக்கும். இல்லன்னா, மத்த ஆட்டங்களோட முடிவைப் பொறுத்துக் கீழே போகும். 1954-லிருந்து ஒரு வருஷம் கூட முதல் டிவிஷனை விட்டு இறங்காத கிளப். டெஸ்டரோட அண்ணன் ஊர்ல இல்ல, ஒரு சீட் காலி.

"உங்க டீம் இன்னிக்கு சவுத்தாம்டன்ல ஆடுது. நீ ஊர்ல சும்மாதானே இருக்க?"ன்னார். அப்பதான் உறைச்சது. இது அதே பழைய கணக்கு: உன் டீம் வெளியூர், அப்ப எங்க மைதானத்துக்கு வா.

போனேன். மரத்துல செஞ்ச இருக்கை. முன்னாடி ஒரு தூண், கோல் போஸ்ட்ல பாதி தெரியாது. மூலையில ஸ்டாண்டை ஒட்டியே ஒரு தேவாலயம். 57-வது நிமிஷம் டூக்குரே பாக்ஸுக்கு வெளியில இருந்து ஒரு வாலி அடிச்சார், கோல். நான் எழுந்து நின்னேன். சந்தோஷத்துல இல்ல, எல்லாரும் நின்னா ஒண்ணும் தெரியாதே, அதுக்குத்தான். பொய் சொல்ல விரும்பல.

பத்து நிமிஷம் கூடுதல் நேரம் கொடுத்தாங்க. பக்கத்துல டெஸ்டர் மைதானத்தையே பார்க்கல, தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். "என்ன ஆச்சு, சொல்லு"ன்னார். அந்தப் பத்து நிமிஷமும் நான்தான் அவருக்கு கமெண்ட்ரி. "பந்து வெளிய போயிடுச்சு. த்ரோ நம்மளோடது." சொன்ன பிறகுதான் கவனிச்சேன், 'நம்ம'ன்னு சொல்லியிருக்கேன். அவரும் கவனிச்சார், ஒண்ணும் சொல்லல.

1-0. ஜனம் மைதானத்துக்குள்ள ஓடுச்சு. அவர் அப்படியே உட்கார்ந்துட்டார். நான் பாக்கெட்ல ஒளிச்சு வச்சிருந்த போனை எடுத்து லிவர்பூல் ஸ்கோரைப் பார்த்தேன். 4-4. முதல்ல 2-0-ன்னு முன்னாடி இருந்து, அப்புறம் 4-2-ன்னு பின்தங்கி, கடைசியில சமன். "நான் கூட வந்திருந்தா நல்ல ஆட்டம் பார்த்திருப்பேன் போல"ன்னு அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சார்.

வெளிய வந்து ஸ்டான்லி பார்க் வழியா நடந்தோம். என் ரூம் அந்தப்பக்கம்தான்.

2025 மே 18-ம் தேதியோட எவர்ட்டன் ஆண்கள் அணி குடிசனை விட்டுப் போயிடுச்சு. இப்ப பிராம்லி மூர் துறைமுகப் பக்கம் புது ஸ்டேடியம். குடிசன்ல எவர்ட்டன் பெண்கள் அணி ஆடுது, அது நல்ல விஷயம். ஆனா பூங்காவுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு மைதானம்ங்கிற அந்தக் கணக்கு, ஆண்கள் ஆட்டத்துக்கு 133 வருஷத்துல முடிஞ்சுடுச்சு.

வாட்ஸப் குரூப்ல என்னை ரெண்டு நாள்ல திரும்பச் சேர்த்துட்டாங்க. எவர்ட்டன் தோக்கணும்னு இன்னும் ஆசைப்படறேன், அதுல மாற்றமில்ல. ரெலிகேஷன் மீம் மட்டும் போடறதில்ல. போட நினைச்சா, தரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த அந்த மனுஷன் ஞாபகத்துக்கு வர்றார்.

நீங்க எப்பவாவது எதிர் டீம் ஆட்டத்துக்குப் போயிருக்கீங்களா? கால்பந்துன்னு இல்ல, எந்த விளையாட்டா இருந்தாலும் சரி. வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடறோம். யாருக்குக் கை தட்டினீங்க, சத்தம் வந்துச்சா வரலையா, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. வர்றேன் மக்களே.