ஜூடோவில் பிடிப் போர்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையைப் பற்றித்தான் கேட்பார்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு எங்கள் ஊருக்குத் தேடித் தந்த பெருமை அது. ஆனால் நான் எழுத வந்தது ஜூடோவைப் பற்றி. அதிலும் ஜூடோவில் ஆளைத் தூக்கி எறிவதற்கு முன்பு நடக்கும் சண்டையைப் பற்றி.

ஜூடோவை உருவாக்கியவர் ஜப்பானியரான ஜிகோரோ கானோ. 1882ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒரு கோயிலில் சில மாணவர்களைக் கொண்டு அவர் தொடங்கிய பள்ளியே கோடோகான். நம் நாட்டிற்கு இக்கலை புதிதன்று. மகாகவி தாகூர் தம் சாந்திநிகேதன் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்க 1929இல் ஷின்சோ தகாகாகி என்னும் ஜப்பானிய ஆசிரியரை வரவழைத்தார். மற்போர் நமக்கும் பழகிய ஒன்றே. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தால் அழைக்கப்பட்டான் அல்லவா! ஆனால் நம் மல்லனுக்கு வெற்றுடம்பு. ஜூடோ வீரனுக்குத் தடித்த பருத்திச் சட்டை. இந்தச் சட்டைதான் விளையாட்டையே வேறாக்கி விடுகிறது.

இதை நான் அறிந்துகொண்டது தோல்வியில். ஊரில் கபடி ஆடிப் பழகியவன் நான். கல்லூரியில் சேர்ந்த ஆண்டு காஞ்சிபுரத்திற்குப் பேருந்தில் போய் ஜூடோ பழகத் தொடங்கி, மூன்றே மாதத்தில் ஒரு போட்டியிலும் இறங்கினேன். நடுவர் தொடங்கச் சொன்னதும் எதிராளியின் காலைப் பிடிக்கப் பாய்ந்தேன். கபடியில் அது கெட்டிக்காரத்தனம், ஜூடோவில் குற்றம். இடுப்புக்குக் கீழே பிடிப்பதற்கு 2010 முதல் தடைகள் வந்துவிட்டன. ஷிடோ எனப்படும் தண்டனை கிடைத்தது. மறுபடி எழுந்து நின்றபோது அவன் என் சட்டைக் கையைப் பிடித்தான். அதற்குப் பின் நான் பார்த்தது கூரையைத்தான். நாற்பது விநாடி கூட ஆகியிருக்காது. என் கை அவன் சட்டையில் ஒருமுறை கூடப் படவில்லை.

"தம்பி, நீ எறியப்பட்டதில் தோற்கவில்லை. பிடிக்கும்போதே தோற்றுவிட்டாய்" என்றார் பயிற்சியாளர்.

பிடிக்கும் முறைக்கு ஜப்பானிய மொழியில் குமி-கட்டா என்று பெயர். வலக்கை ஆட்டக்காரன் தன் வலக்கையால் எதிராளியின் இடப்பக்கக் கழுத்துப் பட்டியைப் பிடிப்பான். இடக்கையால் எதிராளியின் வலது சட்டைக் கையை முழங்கையருகே பிடிப்பான். பட்டியைப் பிடித்த கை தூக்கும். சட்டைக் கையைப் பிடித்த கை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் எதிராளியின் நிலை குலையும். நிலை குலையாதவனை எவராலும் எறிய முடியாது.

இருவரும் வலக்கையர் என்றால் அதை ஐ-யோட்சு என்பார்கள். அப்போது நம் வேலை தெளிவு: அவனுடைய வலக்கை நம் பட்டிக்கு வந்து சேருமுன் நம் இடக்கை அதை மறித்துச் சட்டைக் கையைப் பற்றிவிட வேண்டும். அவனது ஆயுதத்தை உறையிலேயே பூட்டி வைப்பது போன்றது இது. ஒருவன் வலக்கை, மற்றவன் இடக்கை என்றால் கதை மாறிவிடும். இதற்குக் கென்கா-யோட்சு என்று பெயர். கென்கா என்றால் சச்சரவு. பெயர் பொருத்தமே! இருவருடைய பட்டி பிடிக்கும் கைகளும் ஒரே பக்கத்தில் வந்து மோதும். யாருடைய கை உட்புறம் நுழைகிறது, யாருடையது மேலே கிடக்கிறது என்பதே அங்கே பெரிய வழக்கு. இழுக்கும் கைகளோ தொலைவில் நின்று ஒன்றையொன்று எட்டப் பார்க்கும். இடக்கை ஆட்டக்காரர்கள் குறைவாதலால் அவர்கள் நம்மோடு நிறையப் பழகியிருப்பார்கள். நாம் அவர்களோடு பழகியிருக்க மாட்டோம். இது சற்று அநியாயந்தான்.

பட்டியை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது என்பதற்கு இயற்பியல் விடை சொல்கிறது. நிற்கும் மனிதனைச் சாய்க்கும் திருப்புத்திறன், விசையையும் அது செயல்படும் உயரத்தையும் பெருக்கிய அளவு. 100 நியூட்டன் விசையை இடுப்பருகே, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகச் செலுத்தினால் பாதத்தைப் பற்றிய திருப்புத்திறன் 100 நியூட்டன் மீட்டர். அதே விசையைப் பிடரியருகே 1.4 மீட்டர் உயரத்தில் செலுத்தினால் 140. கையில் வலு கூடவில்லை. இடம் மாறியது, அவ்வளவே. முதலாண்டில் இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன். மெத்தையில் விழுந்த பிறகுதான் அது விளங்கியது.

பிடியை அறுப்பதற்கும் கணக்கு உண்டு. நான்கு விரல்கள் ஒருபுறம், கட்டைவிரல் மறுபுறம். இவை சந்திக்கும் இடைவெளியே பிடியின் பலவீனம். தோளைப் பின்னுக்கு வெட்டி இழுக்கும் அதே கணத்தில் அவன் முன்கையைக் கீழே அழுத்தினால் பிடி கழன்று விடும். ஆனால் கழற்றியதும் நிற்கக் கூடாது. அந்த நொடியிலேயே நம் பிடி விழ வேண்டும். வெறுமனே கழற்றிக் கொண்டும் விலகிக் கொண்டும் இருப்பவனுக்கு நடுவர் ஷிடோ தருவார். மூன்று ஷிடோ சேர்ந்தால் எவரும் எறியாமலே தோல்வி.

இனி விரல்களுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா தறி நெய்பவர். விடுமுறை நாட்களில் நானும் தறியில் உட்காருவேன். பட்டு இழை அறுந்தால் அதைத் தேடி எடுத்து முடிய விரல் நுனி வேண்டும். ஒருநாள் என் மோதிர விரல் மூட்டு வீங்கி இழையைப் பிடிக்க முடியாமற் போயிற்று. அப்பா என் கையைத் திருப்பிப் பார்த்தார். "படிப்பு நாளைக்குச் சோறு போடும். இந்த விரலு இன்னைக்குப் போடுது. பாத்துக்கடா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நீண்ட காலம் ஜூடோ ஆடியவர்களின் விரல் மூட்டுகள் தேய்ந்து போவதுண்டு; அவர் பயம் வீண் பயமல்ல.

விட்டுவிடலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் என் பிடியைப் பார்த்துவிட்டு, "யார் உன்னை இப்படி நசுக்கச் சொன்னது?" என்றார். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் மூன்றும் கொக்கி போல் துணியை மடக்கிப் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தளர்ந்தே இருக்கலாம். எப்போதும் இறுக்கியே வைத்திருந்தால் முன்கைத் தசையில் இரத்த ஓட்டம் குறைந்து இரண்டே நிமிடத்தில் கை மரத்துவிடும். அதைவிட முக்கியமானது, எதிராளி வெட்டி உதறும்போது விட்டுவிடுவது. விடாமல் தொங்கினால் துணி திருகி விரலை முறுக்கும். என் மூட்டு வீங்கியது இப்படித்தான்.

விழிச்சவால் உடையோருக்கான ஜூடோவில் இன்னொரு விதி உண்டு. இருவரும் ஒருவரையொருவர் பிடித்த பிறகே போட்டி தொடங்கும். தொடர்பு அறுந்தால் நிறுத்தி மீண்டும் பிடிக்க வைப்பார்கள். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கபில் பர்மார் 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுவே. அங்கே கண் செய்யும் வேலையைக் கை செய்கிறது: எதிராளி எந்தக் காலில் எடையை ஊன்றுகிறான் என்பதைச் சட்டை வழியாகவே அறிகிறார்கள். நாங்களும் கண்ணைத் துண்டால் கட்டிக் கொண்டு பழகிப் பார்த்தோம். இறுக்கிப் பிடித்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தளர்ந்த கைக்கே செய்தி வந்தது.

வீட்டில் பழகுவதற்கு ஒரு பழைய ஜூடோ சட்டையை வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டு, அதன் கைகளைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பேன். "தூளி கட்டி ஆடுற வயசாடா உனக்கு?" என்று அம்மா ஏசுவார்.

இவ்வாண்டு இரண்டாவது போட்டி. முழு நான்கு நிமிடமும் நின்றேன். கூடுதல் நேரத்திற்கும் போனது. அங்கே பிடிக்கத் தயங்கி மூன்றாவது ஷிடோ வாங்கித் தோற்றேன். எதிராளி இடக்கைக்காரன். இப்போது நான் இடக்கைப் பிடி பழகுகிறேன். மரத்துச் சட்டையின் ஒரு கை கிழிந்துவிட்டது. அம்மா தைத்துத் தந்திருக்கிறார்.