ஆடிப்பெருக்கும் மணலாறும்

ஆடிப் பதினெட்டு அன்று காவிரிக்கரையில் புதுப்புனலை வணங்குகிறார்கள். அன்று வேலூர்ப் பாலாற்றுக்கு வந்து பாருங்கள். பெரும்பாலான ஆண்டுகளில் மணல்தான் தெரியும்! ஏன் இந்த வேறுபாடு?

காவிரி பிறக்கும் குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. பாலாறோ மேற்குத் தொடருக்குக் கிழக்கே, மழை மறைவில் உள்ள நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அதற்குப் பெருக்குக் காலம் ஐப்பசி, கார்த்திகை. வாணியம்பாடியைச் சூறையாடிய 1903ஆம் ஆண்டு வெள்ளமும், 2021 வெள்ளமும் நவம்பரில் வந்தவையே.

அப்படியானால் ஆடியில் பாலாறு வெறும் மணலா? ஒரு டம்ளர் நிறைய உலர்ந்த ஆற்றுமணல் எடுத்து, மேல்மட்டம் நனையும் வரை அளந்து நீர் ஊற்றுங்கள். டம்ளரின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர் உள்ளே போய்விடும்! மணல்மணிகளுக்கிடையே அவ்வளவு இடம். மேல்மணல் உலர்ந்ததும், நுண்துளைகள் வழியே நீர் மேலேறுவது அறுபடுகிறது, ஆவியாதலும் குறைகிறது. ஆற்றில் கையால் தோண்டினாலே ஊற்று சுரப்பது இதனால்தான். மணலை லாரியில் அள்ளுவோர் தண்ணீர்த் தொட்டியையே அள்ளிச் செல்கிறார்கள்.

மணல் கலங்கலை வடிகட்டும். கரைந்த உப்பை விட்டுவிடும். பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் அந்தத் தோலைக் கழுவிய நீர் பல்லாண்டுகள் பாலாற்றில் சேர்ந்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆனால் மணலுக்கடியில் இறங்கிய உப்பு தீர்ப்பைக் கேட்டு வெளியேறுவதில்லை. நல்ல வெள்ளம் வந்து கழுவினால்தான் சிறிது சிறிதாகக் குறையும்.

உங்கள் கிணற்று நீரையும் மழைநீரையும் ஒரே அளவு எடுத்து, தனித்தனிக் கிண்ணங்களில் வெயிலில் வற்றவிட்டுப் பாருங்கள். எதில் வெள்ளைப் படிவு மிகுதி?