வைரஸுக்கு ஊர்ப்பெயர் கூடாது. நோய்க்குத் தெருப்பெயர் கூடுமா?

கிரேக்க எழுத்து ஒன்றையும் படித்திராத நம் ஊர்ப் பெண்கள் 2022 ஜனவரியில் ‘ஒமைக்ரான்’ என்ற சொல்லைத் தடுமாறாமல் சொன்னார்கள். 2021-இல் ‘டெல்டா’. அதற்கு முன்பு ‘லண்டன் கொரோனா’. கீழப்பழுவூர்க் கடைத்தெருவில் தேநீர் குடிக்க நின்றாலும், சம்பா அறுவடைக்குப் போகும் வண்டியில் ஏறினாலும் பேச்சு இதுவாகத்தான் இருந்தது. “புதுசா ஒண்ணு வந்திருக்காமே, பழசைவிட மோசமாமே?” என்றார்கள். “ஊசி போட்டவங்களுக்கும் வருதே, அப்புறம் எதுக்கு ஊசி?” என்றும் கேட்டார்கள்.

இந்தக் கேள்விகளை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 ஜனவரி 6 முதல் இரவு ஊரடங்கு இருந்தது. 9-ஆம் தேதியிலிருந்து ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கவில்லை. மாநிலத்தில் நாளொன்றுக்குத் தொற்று 30 ஆயிரத்தைத் தாண்டியது. அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டில் ‘அடுத்த அலை’ என்ற சொல் முதலில் நினைவூட்டுவது நோயை அல்ல, வேலையில்லாத நாள்களை. எனவே இந்தப் பயத்தை நாம் மதித்தே பேச வேண்டும். புதிய திரிபு என்பது உண்மையில் என்ன, அந்தப் பயம் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்ற இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

திரிபு என்றால் என்ன?

கொரோனா வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 30 ஆயிரம் எழுத்துகளால் ஆனது. மனித உடலுக்குள் அது பெருகும்போதெல்லாம் அந்த 30 ஆயிரம் எழுத்துகளையும் படியெடுக்கிறது. படியெடுக்கும்போது பிழை நேர்கிறது. அந்தப் பிழைகள் எத்தகையவை என்பதை நம் மாணவர்களுக்கு விளக்குவது எளிது. தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி விகாரம் மூன்று என்று படித்திருப்பார்கள். பூங்கொடியில் இல்லாத எழுத்து வந்து சேர்வது தோன்றல். பொற்குடத்தில் ஓர் எழுத்து வேறு எழுத்தாவது திரிதல். மரவேரில் இருந்த எழுத்து மறைவது கெடுதல். வைரஸின் மரபுச் செய்தியிலும் இந்த மூன்றும் நடக்கின்றன. இலக்கணத்தில் இவற்றுக்கு விதி உண்டு, வைரஸில் எல்லாம் தற்செயல். அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாமல் போய்விடும். எப்போதாவது சில மாற்றங்கள் சேர்ந்து, வேகமாகப் பரவும் திறனை வைரஸுக்குக் கொடுத்துவிடும். ஒமைக்ரானில் நேர்ந்தது அதுதான். உயிரணுவைப் பற்றிக்கொள்ள உதவும் ‘ஸ்பைக்’ என்ற முள் போன்ற புரதத்தில் மட்டும் அதற்கு 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள். 2021 டிசம்பரில் செய்திகளில் அடிபட்ட ‘எஸ் ஜீன்’ விவகாரமும் இதனுடன் தொடர்புடையதே. மரபுச் செய்தியில் சில எழுத்துகள் கெட்டுப்போனதால், வழக்கமான பரிசோதனைக் கருவி தேடும் மூன்று அடையாளங்களில் ஒன்று மட்டும் தென்படவில்லை. அதை வைத்தே ஒமைக்ரானாக இருக்கலாம் என்று ஐயப்பட்டு, முழு மரபணுப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள்.

முன்பெல்லாம் இந்தப் பகுப்பாய்வுக்கு நம் மாநிலத்து மாதிரிகள் பெங்களூருவுக்குப் போய்க் காத்துக் கிடந்தன. 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் தமிழ்நாடு அரசே ஆய்வகம் தொடங்கியது. தமிழ்நாட்டின் முதல் ஒமைக்ரான் தொற்று, நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பயணியிடம் இருப்பதாக டிசம்பர் 15-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது.

புதிய பெயர் வந்தாலே பேரழிவு என்றும் பொருளில்லை. 2021 ஜூனில் ‘டெல்டா பிளஸ்’ என்று எவ்வளவு பேசினோம்? அது தனி அலையாக எழவே இல்லை. ஆனால் அதற்கு முந்தைய டெல்டா உண்மையிலேயே கொடியது. 2021 மே 21-ஆம் தேதி ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த மாத இறுதியில் ஒரு நாள் இறப்பு 400-ஐத் தாண்டியது. 2022 ஜனவரியில் தொற்று ஏறக்குறைய அதே உயரத்துக்கு வந்தது. இறப்போ பல மடங்கு குறைவாக இருந்தது. “எதுக்கு ஊசி?” என்ற கேள்விக்கு இந்தக் கணக்கிலேயே பெரும்பகுதி பதில் கிடைத்துவிடும். திரிந்த வைரஸ் உடலுக்குள் நுழைவதைத் தடுப்பூசி எப்போதும் தடுத்துவிடாது. நுழைந்தது நுரையீரலைத் தின்று ஆளைச் சாய்ப்பதைப் பெருமளவு தடுக்கும். வீட்டுக் கதவை உடைத்துவிட்டான் என்பதற்காகக் காவலுக்கு நிற்பவரையும் அனுப்பிவிடக் கூடாது.

பயம் யார் மீது விழுகிறது?

அரியலூர் மாவட்டம் இந்தப் பாடத்தை முதல் அலையிலேயே படித்தது. 2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னை கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியது. மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியும் காய்கறி இறக்கியும் பிழைத்த தொழிலாளர்கள் கிடைத்த லாரியில் ஏறி ஊர் திரும்பினார்கள். அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் அவர்களில் ஏராளம். மே 6-ஆம் தேதி மாநிலம் முழுவதும் பதிவான தொற்று 771. அதில் அரியலூர் மாவட்டத்தில் மட்டும் 188. அதுவரை மாவட்டத்தின் பெயரே செய்தியில் வராதவர்களுக்கெல்லாம் அன்று அரியலூர் தெரிந்தது.

இந்த எண்ணிக்கை ஏன் உயர்ந்தது? திரும்பி வந்தவர்களைத் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். பரிசோதித்ததால் தெரிந்தது. ஆனால் பேச்சு வேறுவிதமாகப் போனது. நோய் ‘கோயம்பேட்டுக்காரங்க’ கொண்டுவந்தது என்றானது. அடுத்து, ‘அந்தத் தெருவுல இருக்கு’ என்றானது. பல ஊர்களில் வழியை மறித்து முள் வெட்டிப் போட்டார்கள், கட்டையை நட்டார்கள். நிலமில்லாதவர்தான் மூட்டை தூக்கச் சென்னைக்குப் போகிறார். நம் பகுதியில் நிலமில்லாதவர் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும், பெரம்பலூர் மாவட்டத்தில் பத்தில் மூவரும் பட்டியல் சாதியினர். ஊர்த்தெருவும் காலனியும் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கும் நாட்டில் நோய்க்குப் புதிய எல்லைக்கோடு வரைய வேண்டிய வேலையே இல்லை. பழைய கோடு அங்கேயே இருக்கிறது. பயம் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போகிறது.

‘சமூக விலகல்’, ‘சமூக இடைவெளி’ என்ற சொற்கள் முதன்முதலாக ஒலிபெருக்கியில் கேட்டபோது நமக்கு உறுத்தியதும் இதனால்தான். நோய்க்கு வேண்டியது ஆளுக்கு ஆள் சில அடி இடைவெளி. சமூகத்துக்குச் சமூகம் விலகல் என்பது இங்கே காலங்காலமாக இருக்கிறது, அதற்கு வேறு பெயர் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே ‘உடல்ரீதியான இடைவெளி’ என்று சொல்லை மாற்றிக்கொண்டது. நம் ஊர் ஒலிபெருக்கி மாற்றிக்கொள்ளவில்லை.

பெயரில் இருக்கும் பழி

ஒரு திரிபு எங்கே முதலில் கண்டறியப்பட்டதோ அந்த நாட்டின் பெயரால் அதை அழைப்பது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்து வகை, தென்னாப்பிரிக்க வகை என்றார்கள். நம் நாட்டில் கண்டறியப்பட்டதை ‘இந்திய வகை’ என்றார்கள். 2021 மே மாதம் இந்திய அரசு அதைக் கடுமையாக மறுத்தது. அந்தப் பெயருள்ள பதிவுகளை நீக்குமாறு சமூக ஊடக நிறுவனங்களுக்கு எழுதியது. அந்த மாதம் 31-ஆம் தேதி, இடப்பெயரால் அழைப்பது பழியும் பாகுபாடும் ஆகும் என்று சொல்லி, உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளைப் பெயராக அறிவித்தது. ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா எல்லாம் அப்படி வந்தவைதான்.

பெயர் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் புதிய திரிபைக் கண்டறிந்து ஒளிக்காமல் உலகத்துக்கு அறிவித்தார்கள். 26-ஆம் தேதி அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வந்தது. கையோடு பல நாடுகள் தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளின் விமானங்களுக்குத் தடை போட்டன. அந்த அறிவிப்புக்கு முன்பே எடுத்த மாதிரிகளில் ஒமைக்ரான் இருந்தது என்று சில நாள்களில் நெதர்லாந்து சொன்னது. கண்டுபிடித்துச் சொன்னவருக்குத்தான் தண்டனை. அரியலூருக்கு நேர்ந்ததும் இதுதான்.

அந்த ஆப்பிரிக்கக் கண்டத்தில் 2022 ஜனவரியிலும் இரண்டு தவணை முடித்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவராகவே இருந்தார். ஏழை நாடுகளும் தடுப்பூசியைத் தயாரித்துக்கொள்ளக் காப்புரிமையைத் தளர்த்துங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. பணக்கார நாடுகள் இழுத்தடித்தன. வைரஸ் எவ்வளவு பேரிடம் பெருகுகிறதோ அவ்வளவு படியெடுப்பு, அவ்வளவு பிழை. ஒரு பகுதியைக் கைவிட்டுவிட்டு மற்றப் பகுதி தப்பிக்க முடியாது என்பது நாடுகளுக்கும் பொருந்தும், ஊருக்கும் காலனிக்கும் பொருந்தும்.

நாட்டின் பெயரை நோயோடு ஒட்டியபோது நம் எல்லோருக்கும் வலித்தது. அது நியாயமான வலி. அதே நியாயம் தெருவுக்கும் உண்டு. ‘இந்திய வகை’ என்று சொல்லாதே என்றவர்கள் ‘காலனியில இருந்து வந்தது’ என்று சொல்லக் கூடாது.

தொட்டவர்களும் சட்டமும்

தொற்று நோய்க் காலத்தில் இன்னொரு மரபும் நமக்கு இருக்கிறது. 1897-இல் புனேயைப் பிளேக் நோய் சூறையாடியபோது, நோயுற்ற தலித் சிறுவன் ஒருவனைச் சாவித்திரிபாய் பூலே தாமே சுமந்து மருத்துவமனையில் சேர்த்தார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10-ஆம் தேதி இறந்தார். அவர் பிறந்த நாளான ஜனவரி 3-ஆம் தேதிதான் 2022-இல் 15 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. சுகாதாரத் துறை கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்துப் பரிசோதனை, உணவு, மருந்து ஏற்பாடு செய்வது வேறு. ஊரார் கூடித் தண்ணீர்க் குழாயையும் பாதையையும் கடையையும் மறிப்பது வேறு. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் தண்டனைக்குரிய குற்றங்கள். நோயைக் காரணம் காட்டினால் விலக்கு உண்டு என்று அதில் எங்கும் இல்லை. இதற்காகவே 14566 என்ற தேசிய உதவி எண் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. கட்டணம் கிடையாது. சுவரில் எழுதி வையுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவது, முகாம். 2021 செப்டம்பர் 12 முதல் மெகா தடுப்பூசி முகாம்கள் நடந்தன. நல்ல பணி. ஆனால் பகலில், ஊர்ப்பக்கத்தில் நடக்கும் முகாமுக்கு வயலில் நிற்கும் பெண் எப்படி வருவார்? ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல், இரண்டு நாள் கூலி போகும் என்ற கணக்கும் அவருக்கு இருக்கிறது. அறுவடை முடியும் மாலை வேளையில், காலனிக்குள்ளேயே முகாம் வேண்டும். ஊராட்சித் தலைவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, தூய்மைப் பணியாளர்கள். நோயாளி வீட்டுக் குப்பையை வெறுங்கையால் எடுப்பவருக்கு எந்தத் திரிபானாலும் ஒன்றுதான். கையுறையும் நல்ல முகக்கவசமும் மாதந்தோறும் வருகிறதா என்று ஊராட்சியில் கேட்பது நம் எல்லோருடைய கடமை.

மூன்றாவது, மொழி. 1964 ஜனவரி 25-ஆம் தேதி திருச்சி ரயில் நிலையத்தின் முன் தமிழுக்காகத் தீக்குளித்த சின்னச்சாமி இந்தக் கீழப்பழுவூர்க்காரர். அவர் பெயரைச் சொல்லி ஆண்டுதோறும் வீரவணக்கம் செலுத்துகிறோம். அந்த ஊரில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு வந்த நோய் என்ன, போடும் ஊசி என்ன என்பதைத் தன் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிய வேண்டும். ‘வேரியன்ட்’, ‘மியூட்டேஷன்’ என்று தொலைக்காட்சி மிரட்டும் இடத்தில், நிதானமாக உட்கார்ந்து விளக்க ஆள் வேண்டும். ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களும் கல்லூரி மாணவர்களும் வாரம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்பும் முன் 104-க்கு ஒரு தடவை போன் செய்து கேட்கலாம்.

2022 ஜனவரி 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நம் அரியலூரில். செந்துறை வட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூ தேர்வில் 1,176 மதிப்பெண் எடுத்தும், உச்ச நீதிமன்றம்வரை போயும், டாக்டராக முடியாமல் 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி உயிரிழந்த மாவட்டம் இது. அவர் இருந்திருந்தால் 2022-இல் மருத்துவப் படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருந்திருப்பார். காலனிக்கு வந்து, மூதாட்டியின் கையைப் பிடித்து நாடி பார்த்து, “பயப்படாதீங்க ஆயா” என்று சொல்லக்கூடிய ஒரு டாக்டரை நாம் இழந்திருக்கிறோம். புதிய கல்லூரியில் இடம் பிடிக்க நம் தெருப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும். அதுவரை, இருமுகிறவரைப் பார்த்து எந்தத் தெரு என்று கேட்காமல், சாப்பிட்டாயா, பரிசோதனை செய்தாயா என்று கேட்கப் பழகுவோம்.