அயலூர்க் கணிப்பொறி ஏன் தென்படவில்லை?

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க மத்திய அரசு இசைந்தது. ஆகவே, கணிப்பொறியின் இயல்பை அங்கத்தினர்களும் ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

திருமுல்லைவாயிலில் காரியாலயமும் ஆவடியில் கிடங்கும் உள்ள நெசவாளர் சங்கம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். இரண்டும் இணைக்கப்பட்டிருந்தும் கிடங்கின் கணிப்பொறி காரியாலயத் திரையில் தென்படவில்லை. நூல் இருப்புக் கணக்கு வராமல் கூலிப் பட்டுவாடா நிற்கிறது. இணைப்பே பழுதென்று நாம் முடிவு கட்டலாகாது.

கணிப்பொறிகள் தம் பெயரைத் தண்டோராப் போடுவதுபோல் அறிவிக்கின்றன. எல்லையில் நிற்கும் ரூட்டர் அவ்வோசையை அப்பால் விடுவதில்லை. விலாசமிட்ட கடிதமோ ஊர் கடந்தும் சேரும். எனவே, முதலில் எண் விலாசத்தைக் கொண்டு 'பிங்' செய்து பார்ப்போம். பதில் வந்தால் பாதை சரியே. அவ்வெண்ணைக் கொண்டே கோப்பைத் திறக்க முயலலாம். பின்னர், பெயரையும் எண்ணையும் பொருத்தும் டிஎன்எஸ் பதிவைத் திருத்துவோம்.

பதில் வராவிடில், இரு இடங்களின் எண்களையும் ஒப்பிடுவோம். இரண்டும் 192.168.1 என்றே தொடங்கினால் கடிதம் உள்ளூரிலேயே சுற்றும், ஓரிடத்தை 192.168.2 என மாற்றுதல் வேண்டும். அடுத்து, இரு ரூட்டர்களிலும் மறுபுறத்திற்கு வழி குறிக்கப்பட்டுள்ளதா, கிடங்குக் கணிப்பொறியின் 'ஃபயர்வால்' அயலூர் அழைப்பை மறுக்கிறதா என நோக்குவோம்.

எண் விலாசங்களை ஒரு பேரேட்டில் குறித்து வைப்போம். கூலி நாளில் அதுவே கைகொடுக்கும்.