பேச்சு வரவில்லையா? முதலில் காதைப் பாருங்கள்

இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்று தாய் வாயெடுத்தால், வீட்டில் பதில் தயாராக இருக்கும்: "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்." ஆறுதலுக்குச் சொல்லும் இந்த வார்த்தையை மருத்துவர் நேர்மாறாக எடுத்துக்கொள்வார். குடும்பத்தில் ஏற்கெனவே பேச்சுத் தாமதம் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். குறைமாதப் பிறப்பு, குறைந்த எடை ஆகியவையும் அப்படியே. ஆண் குழந்தைகளுக்கும் இது கூடுதலாக வருகிறது. ஆகவே "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்பது சும்மா இருப்பதற்கான காரணம் அல்ல, கூடுதலாகக் கவனிப்பதற்கான காரணம்.

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் சில தனிச் சொற்கள் வந்திருக்க வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணாம்" என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். மூன்று வயதில் அதன் பேச்சு வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். நான்கு வயதில் ழகரமும் றகரமும் தடுமாறினால் பதற வேண்டாம். மேடையில் முழங்கும் பெரியவர்கள் பலருக்கே ழகரம் வசப்படவில்லை. ஆனால் வந்த சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதானாலும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அங்கே முதலில் கேட்க வேண்டியது செவித்திறன் பரிசோதனை. பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. பாதி கேட்கும் குழந்தையும், ஒரு காது மட்டும் கேட்கும் குழந்தையும் திரும்பத்தான் செய்யும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலும் கேட்கும் திறன் குறையும். ஓ.ஏ.இ., பேரா என்ற இரண்டு பரிசோதனைகளும் கைக்குழந்தைக்கே வலியில்லாமல் செய்யக்கூடியவை. நாக்கில் வசம்பு தேய்ப்பதும், நாக்குக்கு அடியிலுள்ள சவ்வை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று நம்புவதும் காலத்தைத்தான் தின்னும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்த முதல் சில ஆண்டுகளே உகந்தவை. அரசின் இலவசத் திட்டங்களும் வயது வரம்பு வைத்திருக்கின்றன.

அறிகுறியே இல்லாத குழந்தைகள் எல்லோரையும் கேள்வித்தாள் வைத்துச் சல்லடை போடுவதால் பயன் உண்டா என்பதில் நிபுணர்களிடையே வாதம் இருக்கிறது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2015-லும் 2024-லும் சொன்னது. ஆனால் அந்த முடிவு, பெற்றோருக்குச் சந்தேகம் வந்துவிட்ட குழந்தைக்குப் பொருந்தாது. "பிள்ளை ஏதோ சரியில்லை" என்று தாய்க்குத் தோன்றினால் அதன் பிறகு தேவைப்படுவது முழுப் பரிசோதனை. "மூணு வயசு வரைக்கும் பார்ப்போம்" என்று திருப்பி அனுப்பும் மருத்துவரிடம் வாதாடத் தயங்காதீர்கள்.

இந்தியச் சட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை அது பட்டியலிட்ட 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 25-ஆவது பிரிவு சொல்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். வந்தால் எடையும் பல்லும் பார்த்து முடித்துவிடாமல், "பேச்சும் காதும் பாருங்க" என்று நாமே கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அவர்கள் பரிந்துரைச் சீட்டு எழுதி, டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் முட்டுக்காட்டிலுள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனத்தையும் நாடலாம்.

தனியாரிடம் போனால் பேச்சுப் பயிற்சி தருபவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாதவர் வாரக் கட்டணம் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். சில வாரங்களில் பேசவைக்கிறேன் என்று உறுதி தருபவரும் வேண்டாம்.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லும் பள்ளிகள் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பெற்றோருக்கு இயல்பாக வரும் மொழியில்தான் குழந்தையிடம் நிறையப் பேச முடியும். செல்போன் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: இரண்டு வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள்.

பேச்சு சரியாக வராத பிள்ளை என்று காரணம் காட்டி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டாலும் நாள், நேரம், பேசியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள்.