வளர்ப்புக் கிளிகளின் பருவகால நடத்தை மாற்றங்கள்

வளர்ப்புக் கிளிகள் எல்லா மாதங்களிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கையில் வந்து அமரும் கிளி திடீரெனக் கடிக்கத் தொடங்கும். ஓயாமல் ஒலியெழுப்பிய கிளி சில வாரங்கள் அடங்கியிருக்கும். இனப்பெருக்கம், இறகு உதிர்தல், வெப்பம், மழை ஆகியவை இவற்றுக்கு முக்கியக் காரணங்கள். இதை அறியாமல் கிளியைத் தண்டிப்பவர்களும் உண்டு. உண்மையான நோயைப் பருவ மாற்றம் என்று எண்ணி விட்டுவிடுபவர்களும் உண்டு.

கடலூர், சிதம்பரம் பகுதியில் இயற்கையாக வாழும் பச்சைக்கிளியை (செந்தார்ப் பைங்கிளி) பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வீடுகளில் பரவலாக வளர்க்கப்படுபவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர், காக்கட்டீல் போன்ற இனங்களே. பட்ஜெரிகரைக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்பார்கள்.

பருவத்தை உணரும் விதம்

பகலின் நீளம், மழை, உணவின் அளவு ஆகியவற்றைக் கொண்டு கிளியின் உடல் பருவத்தை உணர்கிறது. கடலூர் மாவட்டத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே. எனவே இங்கு மழையும் உணவும் முக்கியத்துவம் பெறுகின்றன. பச்சைக்கிளிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மரப்பொந்துகளிலும் பழைய கட்டடங்களின் துளைகளிலும் முட்டையிடும். சம்பா நெல் அறுவடையாகும் தை, மாசி மாதங்கள் இக்காலத்திற்குள் வருகின்றன.

பட்ஜெரிகர் தன் தாயகத்தில் மழை பெய்து புல் விதைகள் பெருகும்போது இனப்பெருக்கம் செய்யும். தானியம் எப்போதும் நிறைந்திருக்கும் வீட்டில் அதற்கு எந்த மாதமும் இனப்பெருக்கக் காலமாகலாம். இரவில் நெடுநேரம் எரியும் விளக்கும் பகல் நீண்டுவிட்டதாக உடலுக்கு உணர்த்தும்.

இனப்பெருக்கக் காலம்

ஆண் கிளி உண்ட உணவைக் கக்கி இணைக்கோ, வளர்ப்பவரின் விரலுக்கோ, கண்ணாடிக்கோ ஊட்ட முயலும். பெண் கிளி காகிதத்தைக் கிழிக்கும், இருண்ட மூலையைத் தேடும், கூண்டுக்குள் வரும் கையைக் கடிக்கும். பெண் பட்ஜெரிகரின் மூக்கைச் சுற்றியுள்ள தோல் பழுப்பு நிறமாகும். இணை இல்லாமலும் முட்டையிடலாம், அது பொரியாது. முட்டைகளை உடனுக்குடன் எடுத்தால் கிளி மேலும் முட்டையிடும். உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்து குறைந்து முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கூட்டுப்பெட்டியையும் கண்ணாடியையும் அகற்றி, நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் இருளில் உறங்கவிட்டால் இந்நிலை தணியும்.

இறகு உதிர்தல்

பழைய இறகுகள் சிறிது சிறிதாக உதிர்ந்து புதியவை முளைக்கும். முளைக்கும் இறகில் இரத்த ஓட்டம் இருப்பதால் தொட்டால் வலிக்கும். அதனால் கிளி தடவ விடாது, அதிகம் உறங்கும். இறகு வளரப் புரதம் தேவை என்பதால் வேகவைத்த முட்டையும் முளைகட்டிய பயறும் சிறிதளவு தரலாம்.

கோடையும் மழையும்

கிளிகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மே மாத அக்னி நட்சத்திர வெயிலில் வாயைத் திறந்து மூச்சுவிட்டு, சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைக்கும். நிழலும் குளிக்கத் தண்ணீரும் தர வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில் ஈரக்காற்று நேராகப் படாத இடத்தில் கூண்டை வைக்க வேண்டும். தானியத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீபாவளி வெடிச்சத்தத்தில் கிளிகள் மிரண்டு கூண்டில் மோதிக் காயமடைவதும் உண்டு.

நோயை வேறுபடுத்தி அறிதல்

பருவ மாற்றத்தின்போது கிளி வழக்கம்போல உண்ணும். இறகு உதிர்ந்தாலும் வழுக்கை விழாது. உண்ணாமை, கூண்டின் அடியில் இறகை உப்பிக்கொண்டு அமர்தல், மூச்சுக்கு மூச்சு வால் ஆடுதல், எச்சத்தின் நிறம் மாறுதல், முட்டையிட முக்கித் தவித்தல் ஆகியவை நோயின் அறிகுறிகள். பறவைகள் நோயை இயன்றவரை மறைக்கும் இயல்புடையவை. எனவே இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.